பொருள்: கல்

சத்துவாச்சாரி அஞ்சலகத்தில்
தண்டபாணி பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.
"மறுபடியும் கல்லாம்மா?"
கல்தான்.
ருமேனியாவில் கிளம்பி, சென்னைச் சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்து,
யாரோ பிரித்து மறுபடி ஒட்டி
மூலை நசுங்கி வந்திருக்கிறது.

செய்தித்தாளுக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் ஸ்டிப்னைட்.
கறுப்பு ஊசிகள் நெருக்கமாக.
காட்பாடி வண்டியின் எட்டரை மணிக் கூட்டம் என்று
எழுதப் போனேன்.
இல்லை, இவை ஒன்றின் காலை ஒன்று மிதிக்கவில்லை.
ஒடிந்த இரண்டை
மாத்திரை டப்பியில் போட்டு வைத்தேன்.

பக்கத்துப் போர்ஷன் புவனேஸ்வரிக்கு
ஒரே கேள்விதான்: எந்த ராசிக்கு?
மொராக்கோவின் சிவப்பு அறுகோணங்களைக் காட்டி
ஈயம் இருக்கிறது, தொட்டால் கை கழுவுங்கள் என்றேன்.
ஏதோ தோஷம் என்று புரிந்துகொண்டு
எட்ட நின்றே பார்க்கிறார்.

ஒழுகும் கூரைக்கு வந்த ஏகாம்பரம் மேஸ்திரி
ஸ்பெயின் பைரைட்டின் மேல்
ரசமட்டத்தை வைத்தார்.
குமிழி நடுவில் வந்து நின்றது.
"யார் வேலைம்மா இது?"
யாரும் செதுக்கவில்லை, மண்ணுக்குள் இப்படியே விளைந்தது என்றேன்.
அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை.

போலந்து உப்புக் கட்டி
கார்த்திகை மழையில் மூலை மழுங்கி
தட்டில் நீர் கோத்தது.
அதை ஒரே ஒரு முறை நக்கிப் பார்த்திருக்கிறேன்.
சேகரிப்பவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டியின் அடியில் இலியானாவின் சீட்டு:
அடுத்த முறை உன் ஊர்க் கல்.

ஊரில் என்னென்ன இல்லை என்ற பட்டியல்
இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.
கல் இருக்கிறது,
அதைத்தான் யாரும் சொல்வதில்லை.
கேட்டால் கிடைப்பது
முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, எம்-சாண்ட்,
யூனிட் கணக்கில்.

பகலில் எனக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை.
சிறுநீரகத்திலிருந்து எடுத்த கற்கள் வரும்.
ஒரு சிட்டிகை பொடி போதும்,
இயந்திரம் பெயர் சொல்லிவிடும்.
ஹியூவலைட், ஸ்ட்ரூவைட்.
என் அலமாரிப் புத்தகத்திலும் இதே பெயர்கள்,
படம் மட்டும் வேறு.

பேரணாம்பட்டு முனவ்வர் பாஷா,
தோல் ஷெட்டில் வேலை, ஒன்பது மில்லிமீட்டர்.
லென்ஸில் கருப்பட்டி நிறம்,
விளிம்பில் வெளிச்சம் ஏறி இறங்கியது.
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்:
மீதியை நான் வைத்துக்கொள்ளட்டுமா, வெளிநாட்டுக்கு அனுப்ப?
"இன்னாமா நீ! பத்து நாள் தூங்கல இத்தால.
நான் தரமாட்டேன்."
காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டு
மேலே ஒரு தட்டு தட்டிப் போனார்.
எனக்கு அந்த முகம் தெரியும்.
அது என் முகம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் பஸ்,
அங்கிருந்து சேவத்தூர்.
நிலக்கடலைக் கொல்லை ஓரம் குந்தியிருந்தேன்.
"இன்னாத்துக்கு நோண்டிக்கினு இருக்கே?
அளக்க வந்தவளா?"
சின்னப்பாப்பா கையில் களைக்கொட்டு.
இல்லம்மா, கல் பொறுக்குகிறேன்.
நம்பவில்லை. ஆனாலும்
இரண்டு பிடி கடலையைப் பிடுங்கி மடியில் போட்டாள்,
வேரோடும் மண்ணோடும்.

வீட்டில் உதறியபோது
அந்த மண்ணில் இருந்தது நான் தேடியது:
பழுப்புத் தகடு, நகக்கண் அளவு.
அழகு என்று ஒன்றும் இல்லை.
இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டினேன்.
தகடு விரிந்தது. நீண்டது.
வளைந்து திரும்பி
என்னைப் பார்ப்பதுபோல் ஆடி நின்றது.
வெர்மிகுலைட். பெயரிலேயே புழு இருக்கிறது.

சுடாத தகடுகள் ஐந்தைப் பஞ்சில் வைத்தேன்.
தண்டபாணியின் படிவம்:
பொருள், கல். மதிப்பு, இல்லை.
உள்ளே ஒரு வரி: தீயில் காட்டிப் பார்.

தை பிறந்து பதில் வந்தது.
வெளியே முழங்கால் வரை பனியாம்.
ஒன்றைச் சுட்டாளாம், அது அசைந்ததாம்.
மீதி நான்கையும்
சுட மனமில்லை என்று எழுதியிருந்தாள்.