பொக்கு

திரையில் தேசம்மாவின் கொல்லைக்கு
நாற்பத்தோரு கட்டம்.
கட்டத்தின் பக்கம் பத்து மீட்டர்.
நாற்பது கரும்பச்சை.
ஒன்று மட்டும் கொஞ்சம் வெளிறல்.
அதற்குள் எல்லைக் கல் இருக்கிறது,
பாதி பள்ளிப்பட்டு, பாதி நகரி,
சராசரி போட்டு வந்த நிறம்.

சரிபார்க்கப் போனேன்.
ஆர்டரில் என் வேலை களச் சரிபார்ப்பு.
ஊரில் நான் சேட்டிலைட் பையன்,
வயது முப்பத்தெட்டு.

ஆவணி முழுக்க விடாத மழை.
செடி முழங்காலைத் தாண்டி நின்றது.
இப்படியொரு மல்லாட்டைச் செடியை
காப்பீட்டு விளம்பரத்தில் போடலாம்.
தேசம்மா குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள்,
உதறினாள்.
பாதி விழுது மண் தொடாமலே காய்ந்திருந்தது.
தொட்டதில் நாலு காய்.
நசுக்கினால் காற்று.
"பைன பச்ச, லோன ஏம் லேது."
என் முகத்தைப் பார்த்துவிட்டுத்
தமிழிலும் சொன்னாள்:
"இலையை யார் சார் வாங்குவாங்க?"

போனில் கேள்வி: பயிர் நிலை?
நன்று, நடுத்தரம், மோசம்.
படத்தை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், விதி.
எடுத்தேன்.
அழகாக விழுந்தது.

"உங்க டப்பா மறுபடி எப்ப வரும்?"
வெள்ளிக்கிழமை, காலை பத்தரை,
எழுநூறு சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில்,
மேகம் இல்லாவிட்டால்.

வியாழன் ராத்திரி, டார்ச்சைக் கல்மேல் வைத்துவிட்டு
அவளும் கொழுந்தனும் கூலிக்கு வந்த ரெண்டு பேரும்
கொல்லை முழுக்கப் பிடுங்கி
செடியைத் தலைகீழாகப் போட்டார்கள்,
வேர் வானத்தைப் பார்க்க.
இதைவிட எப்படிக் காட்டுவது?
வெள்ளியன்று மேகமும் இல்லை.

திங்கள், திருத்தணி ஆபீஸ்.
நாற்பது கட்டமும் பழுப்பு.
அறுவடை முடிந்தது.
விளைச்சல்: இயல்பு.
கல் இருக்கும் கட்டத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சை,
அந்தப் பக்கத்து முனிரத்தினம் நாயுடு
இன்னும் கை வைக்கவில்லை.

கடைசியில் 'குறிப்பு' என்று ஓர் இடம்,
அறுபது எழுத்துக்குள்.
செடி நிமிர்ந்ததா கவிழ்ந்ததா, விழுது, மழை,
எந்தப் பக்கத்து மாநிலம், ராத்திரி டார்ச்,
எல்லாம் அடித்து எல்லாம் அழித்து
கடைசியில்
'பிடுங்கிப் பார்' என்று போட்டு
அனுப்பினேன்.

மீதி எழுத்தெல்லாம் காலி.