மேல் நோவு

கப்பல்துறைச் சந்தியில் இறங்கி
செம்புழுதியைத் தட்டிக்கொண்டு நடந்தால்
தொழிற்சாலை வாசலில் என் பையைத் திறப்பார்கள்:
வினாக்கொத்து எழுபது, பிரஷர் பார்க்கிற மெஷின்,
நீலப் பேனை ஐந்து, சோற்றுப் பெட்டி.
ஆபத்தானது எதுவுமில்லை என்று
புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பதினெட்டு நிமிடம்.
கடந்த நான்கு கிழமைகளில்
பின்வருவன உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன?
இல்லையென்றால் பூச்சியம்.
கொஞ்சம், ஒன்று.
மிகவும், இரண்டு.

றுமைஸா சொல்கிறாள், கை விறைக்குது.
வலதா இடதா?
"கொலர் தைக்கிற நாள் வலது.
லீவு கேக்கப் போற நாள் ரெண்டும்."
ஒரு பெட்டிதான் இருக்கிறது. இரண்டு போடுகிறேன்.

சுகிர்தமலருக்கு நெஞ்சு.
பெரியாஸ்பத்திரியில் எடுத்த ஈசீஜீயை
பஸ் சீசனோடு மடித்து வைத்திருக்கிறாள்.
விரித்துக் காட்டுகிறாள், பிள்ளையின் கொப்பி போல,
எல்லாம் சரி போட்டது.
"ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொன்னவர் மிஸ்.
அந்த ஒண்டுமில்லைதான்
ராவிலை வந்து நெஞ்சிலை குந்துது."

பங்குனியில் ஒரு செவ்வாய்
நாலாம் லைனில் ஒருத்தி சரிந்தாள்.
பத்து நிமிடத்துக்குள் பதினேழு பேர்.
காற்றைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனார்கள்.
நல்ல காற்று.
தண்ணீர், நல்ல தண்ணீர்.
துணிச் சாயம், உலகத் தரம்.
பிறகு ஐயரும் மௌலவியும் பாதரும் ஹாமதுருவும்
ஒரே வானில் வந்து இறங்கினார்கள்.
அவர்களுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

அன்று காலை
மணிக்கு நூற்றிருபது என்றிருந்த இலக்கு
நூற்றைம்பது ஆனதாம்.
அது கரும்பலகையில் எழுதப்பட்டது,
கரும்பலகை பின்னேரத்தில் துடைக்கப்படும்.
அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.
நான் தரவு சேகரிப்பவள்.
சொல்வதற்குச் சம்பளமில்லை.

'மேலெல்லாம் நோகுது' என்று
இருபத்துமூன்று பேர் சொன்னதை
சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.
கொழும்பிலிருந்து சிவப்பு எழுத்தில் வந்தது:
மேற்பகுதி எனில் எது? தோளா, தலையா?
தெளிவாகக் குறிப்பிடுக.

எப்படிக் குறிப்பிட.
எங்களுக்கு மேல் என்றால் முழு உடம்பு.
மேல் கழுவுவோம். காய்ச்சல் வந்தால் மேல் காயும்.
இன்னும் பதில் போடவில்லை.
அதை நினைக்கும்போது தாடை இறுகுகிறது.

அனற்றா போயா நாளில் கன்னியாவுக்குப் போகிறாள்,
ரிக்கெற் எடுத்து
ஏழு கிணற்றுத் தண்ணீரும் வார்த்துப் பார்த்தாளாம்.
அஞ்சாவது பரவாயில்லை.
ஏன் அஞ்சாவது?
"மிஸ், சுகமாயிருக்கிறதுக்கும் காரணம் கேப்பீங்களோ?"
'பிற' என்ற நிரலில் ஒரு கிணற்றை எழுதினேன்.
எண் தொண்ணூற்றொன்பது.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
மான்கள் கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கின்றன.
ஒருவரும் அவற்றை ஒன்றும் கேட்பதில்லை.
உவர்மலை அறையில் விடியும்வரை பல்லைக் கடிக்கிறேன்.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
ஆய்வுக் குழுவினர் ஆய்வில் சேரத் தகுதியற்றோர்:
பின்னிணைப்பு ஆ, மூன்றாம் வரி.

இன்றைக்கு றுமைஸா
கேள்வி ஒன்பதில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
"பல்லைக் கடிக்கிறீங்க மிஸ். எவ்வளவு நாளா?"
ஒன்றுமில்லை என்றேன்.
"கொஞ்சமா, மிகவுமா?"
மணி அடித்துவிட்டது.
காதிடுக்கில் இருந்த தையல் சோக்கை எடுத்து
மேசையில், என் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில்,
இரண்டு என்று போட்டுவிட்டு
லைனுக்கு ஓடினாள்.