ஏழாம் பாகம், நாற்பத்தோராம் நிமிடம்

பர்பாங்கில் மழை பெய்யாத ஒரு நவம்பர்.
நான்காம் மாடி, கண்ணாடி அறை.
எட்டுப் பாகத்தையும் ஒரே வெள்ளியன்று
அவிழ்த்து விட்டுவிடலாம் என்றார் ஹாலிஸ் பிராண்ட்வோல்ட்.
வாரம் ஒன்று என்றேன் நான்.
இடையில் கிடக்கும் ஆறு நாளில்தான்
ஆட்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்,
பேருந்தில், பல் மருத்துவரின் வரவேற்பறையில்,
தப்புத் தப்பாக ஊகித்தபடி.
அவர் சிரித்தார்.
பொறுமைக்குச் சந்தா கட்ட ஆளில்லை, அராக்சி.

ஏழு கைகள் அவருக்கு.
எனக்கு ஒன்றரை:
காப்பி வைக்க வந்த பையன்
பாதி தூக்கி இறக்கிக்கொண்டான்.

வெள்ளி நள்ளிரவு இறங்கினாள் கருந்தும்பி.
ஞாயிறு காலைக்குள் முடித்துவிட்ட கொஞ்சம் பேர்
அடுத்தது எப்போது என்றார்கள்.
செவ்வாய்க்கிழமை
ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
மூன்று வருட வேலையைத் தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு போயிற்று ஊர்.

கோடு பார்ப்பது என் பிழைப்பு.
எந்த வசனத்தில் கைபேசியை எடுத்தார்கள்,
எந்த முத்தத்தில் தூங்கிப்போனார்கள்,
எல்லாம் கோட்டில் இருக்கும்.
கோடு பொய் சொல்லாது.
முழுதும் சொல்லாது.
முதல் பாகத்தில் அது கூரைமேல் நின்றது.
இரண்டில் படியிறங்கியது.
மூன்றாம் பாகம், பதினெட்டாம் நிமிடம்,
வில்லன் தன் தத்துவத்தை விளக்க வாயெடுத்த இடத்தில்
செங்குத்தாக விழுந்தது.
அப்புறம் தரையோடு தரையாக
எட்டு வரைக்கும் ஊர்ந்தது.

அந்தத் தரையில், ஏழாம் பாகத்தில்
சின்னதாக ஒரு முள்.

நாற்பத்தோராம் நிமிடம்.
சிறகு எரிந்து தும்பி பதினோரு மாடி விழுகிறாள்.
தயாரிப்புக் குறிப்பைத் தோண்டி எடுத்தேன்:
பறந்ததெல்லாம் கணினி.
விழுந்தது மட்டும் ஆள்.
அட்லாண்டாவுக்கு வெளியே மூடிக்கிடந்த காகித ஆலை,
பிப்ரவரி, நான்கு தடவை.

முள் ஒரே ஒரு கணக்கு.
மினசோட்டாவில், டுலூத் என்ற ஏரிக்கரை ஊர்.
முதல் பாகம் திறக்கப்படவில்லை. கடைசியும் இல்லை.
நேராக ஏழு, நேராக நாற்பத்தொன்று,
அதிகாலை மூன்றிலிருந்து விடியும்வரை
பத்தொன்பது தடவை.
ஒவ்வொரு தடவையும்
தரைக்கு ஒரு நொடி முன்பு நிறுத்தி
அவளைத் திரும்ப மாடிக்கு ஏற்றியிருக்கிறது ஒரு விரல்.

பெயர்ப் பட்டியலில் தேடினேன்.
ஐந்து நொடியில் அடுத்த பாகம் வந்து
பட்டியலை விழுங்கிவிடுகிறது.
ஐந்து போதும் என்று எழுதிக் கொடுத்தது
நான்தான்.
மூன்றாம் முயற்சியில் பிடித்தேன்:
சண்டைக் காட்சி, டானியா ப்ருடோம்.
டுலூத்தில் இருப்பது அவளா,
அவள் தங்கையா, அவளை விட்டுப் போனவனா,
அல்லது எங்கேயோ தானும் விழுந்த யாரோ ஒருவரா,
தெரியாது.
கணக்குக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பார்க்க
எனக்கு அனுமதி இல்லை.

இரைச்சல், என்றார் ஹாலிஸ். சீவிவிடு.
சீவினேன்.
இருபத்தெட்டாம் நாள்
தொடரை நிறுத்தும் கடிதத்துடன்
என் வழுவழுப்பான கோடும் இணைப்பாகப் போனது.

அதற்குப் பிறகு, யாரிடமும் சொல்லவில்லை,
கிளென்டேலில் என் சமையலறையில்
வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாகம் பார்க்கிறேன்.
ஒன்றுதான்.
முடிந்ததும் ஐந்து நொடிக்குள்
ரிமோட்டைப் பாய்ந்து அமுக்குகிறேன்.
வில்லனின் தத்துவம் முழுக்கக் கேட்டேன்,
அவ்வளவு மோசமில்லை.
நேற்று நான்காவது முடிந்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்
வாய்வரை வந்துவிட்டது:
அந்தத் தங்கச்சி துரோகியாக மாறுவாள் என்று நினைக்கிறீர்களா?
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டானியா ப்ருடோம் விழ
இன்னும் மூன்று வெள்ளி இருக்கிறது.