எண்ணெய் திரும்பும் வழி

பம்பு ஒன்றுதான் இந்த டிராக்டருக்கு.
பின்னால் கலப்பையைத் தூக்கப் பிறந்தது.
முன்னால் வாளியைத் தூக்கு என்கிறேன்.

நிமிசத்துக்குப் பதினேழு லிட்டர்,
வயதான பம்பு, இரண்டு குறைத்துக்கொள்ளலாம்.
கணக்கை மட்கார்டில் சாக்குக்கட்டியால் எழுதினேன்.
வாலிநோக்கத்து ஈரக்காற்றில்
மதியத்துக்குள் ஏழு ஒன்றாகிவிட்டது.

எண்ணெய் புறப்படும் வாயில் ஒரு கிளை எடுத்தேன்.
இரண்டு நெம்புகோல் வைத்த வால்வு
உடைப்புக் கடையிலிருந்து பஸ் கூரையில் வந்தது,
கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில்.
ஒன்று ஏற்றி இறக்க, ஒன்று கவிழ்க்க.
போன எண்ணெய் திரும்பி வரத் தனியாக ஒரு குழாய்.
அதற்கும் பணம் என்றதும்
அம்சத் இபுராகிம் முகம் சுளித்தார்:
"போறதுக்குச் சரி. வர்றதுக்குமா?"
வராவிட்டால் வெடிக்கும் என்றேன்.
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.

மூக்கையூரிலிருந்து தஸ்நேவிஸ் வந்தான்,
நங்கூரம் ஒட்டிப் பழகிய கை.
"எவ்வளவு கனம்?"
நானூறு கிலோ.
தலையாட்டிவிட்டு அறுநூறுக்கு ஒட்டினான்.

முதல் இழுப்புக்கு ஒன்றும் அசையவில்லை.
குழாய்க்குள் காற்று.
இரண்டாவதில் ஒரு விக்கல்.
மூன்றாவதில் வாளி எழுந்தது,
கூடவே பின்சக்கரமும் எழப் பார்த்தது.
பன்னிரண்டு உப்பு மூட்டையைப் பின்னால் கட்டினோம்.
சிலிண்டர்கள் ஆறு லிட்டரைக் குடித்துவிட்டிருந்தன;
அளவுக் கம்பியை உருவினால் நுனிகூட நனையவில்லை.
கியர்ப்பெட்டிக்கும் வாளிக்கும் ஒரே எண்ணெய்.
ஒன்று உயர்ந்தால் இன்னொன்றின் நாக்கு வறளும்.
ஒரு கேன் வாங்கி ஊற்றினேன்.
அதற்கும் முகம் சுளித்தார்.

பதினோரு பெண்கள்
தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அம்பாரத்துக்குள் வாளி புகுந்து
வாய் நிறைய அள்ளியபோது
ஒருத்தி காலைச் சொறிந்தாள்.
பூமயில் மட்டும் கேட்டாள்:
"ஒரு வாளிக்கு எத்தனை தட்டு?"
பதினைந்து இருக்கும் என்றேன்.
"இருபத்திரண்டு."
எப்படிச் சொல்றீங்க?
"கொட்டிப் பார்த்திருவோம்."

வாளியைக் காலிசெய்து தரையில் வைத்தேன்.
அவர்களே சுமந்து வந்து கொட்டினார்கள்.
முதல் தட்டுக்கு "லாபம்" என்றாள் பூமயில்.
ஒன்று என்று தொடங்குவதில்லை இங்கே.
லாபம், ரெண்டு, மூணு...
பதினைந்தில் வாளி பாதியைத் தாண்டியிருந்தது.
இருபதில் விளிம்பு மறைந்தது.
இருபத்திரண்டில் கூம்பு நின்றது.

நெம்புகோலை இழுத்தேன்.
எஞ்சின் முக்கியது.
வால்வு ஒரு நாய்க்குட்டி போலக் கீச்சிட்டது.
வாளி ஏறவில்லை.
அழுத்தம் மிஞ்சினால் எண்ணெய் ஒதுங்கிப் போக
நான்தான் ஒரு திருகை வைத்திருக்கிறேன்.
இரண்டு தட்டை வழித்துப் போட்ட பிறகு
ஒழுங்காக ஏறியது.

"அந்தத் திருகை இறுக்கினா?" என்றார் இபுராகிம்.
பம்பு போயிரும்.
"அரைத் திருகு?"
சாவியை எடுத்துப் பையில் போட்டேன்.
"திங்கக்கிழமையிலேர்ந்து நாலு பேர் போதும்" என்றார்,
என்னைப் பார்த்தல்ல,
யாரையும் பார்த்தல்ல.

ராத்திரி வாளியை நெஞ்சுயரத்தில் நிறுத்தியிருந்தேன்.
விடிந்து பார்த்தால் முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது.
"யார் இறக்குனது?"
யாருமில்லை. கொஞ்சம் கசியும்.
"புது வால்வுமா?"
எல்லா வால்வும்.

சிலிண்டர்த் தண்டில் உப்பு பூத்திருந்தது.
அப்படியே உள்ளே போனால் சீலை அறுத்துவிடும்.
துணி தேடினேன்.
பூமயில் தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து நீட்டினாள்.
தண்டு பளிச்சென்றானது, துணி கறுத்தது.
வீசப் போனேன்.
"இங்க குடு," என்றாள்.
எண்ணெய்க் கறை, போகாதே.
"இன்னைக்கு வெள்ளிதான? ரெண்டு லோடு இருக்கு."
உதறி, முறுக்கி, வட்டமாகச் சுற்றித்
தலையில் வைத்தாள்.