3 முதல் 9 வரையிலான பிரதிவாதிகள்

முதலில் இரண்டே பேர்தான்.
பொக்லைன் ஓட்டிய ஜக்கையன்,
அவனை அனுப்பிய காண்டிராக்டர் மரியசூசை.
தாண்டிக்குடிச் சரிவில் ராத்திரி இரண்டு மணிக்கு
வேலுத்தாயின் காப்பித் தோட்டத்தை
இருபதடி அகலத்துக்கு அறுத்துப்போட்டவர்கள்.
மிளகு ஏறியிருந்த பதினோரு முள்முருங்கை
வேரோடு.
மிளகு அப்போது பச்சை.

எதிருரையில் இருவரும் ஒரே வரியைச் சொன்னார்கள்:
மேலே நிலம் வாங்கியவர்கள் பாதை கேட்டார்கள்,
எங்களுக்கு அங்கே ஒரு சென்ட்கூடக் கிடையாது.
உண்மைதான்.
நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
மேலே இருப்பவர்களைச் சேர்க்காமல்
யாருக்கு எதிராக நான் உத்தரவு போடுவது?
வாய்தா, மூன்று வாரம்.

ஆக, இன்று
மூஞ்சிக்கல் ஆபீசில்
வக்கீல் கீழ்நாட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட
குமாஸ்தா நான் மனு அடிக்கிறேன்.
உத்தரவு ஒன்று, விதி பத்து, உட்பிரிவு இரண்டு.
ஜன்னல் சரியாக மூடாது.
மேகம் உள்ளே வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார
ஈரத்தாள் பிரிண்டரில் சிக்கிக்கொள்கிறது.
முதல் பஸ்ஸில் வந்த வேலுத்தாய்
வில்லங்கச் சான்றை மடியிலிருந்து எடுக்கிறாள்,
உடம்புச் சூட்டோடு.

நான் வாசிக்க வாசிக்கக் கேட்கிறாள்.
மூன்று, டாக்டர் சத்தியவாகீசன், அண்ணாநகர்.
நான்கு, அவர் மனைவி.
ஐந்தாமவர் வாங்கிய மறுவருஷமே இறந்துபோனார்,
பெயரை அடித்துவிட்டு மகளை எழுதினேன்:
மைனர், வயது ஒன்பது, தாய் பாதுகாவலராக.
ஆறு, ஒரு கம்பெனி.
ஏழு துபாயில். பவர் ஏஜென்ட் வத்தலக்குண்டில்.
"இவுக யாரும் இங்கிட்டு வந்ததே இல்லையே.
காலே வைக்காம எப்பிடி மிதிச்சாக?"
சட்டத்தில் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது.
எனக்கு அப்போது வாயில் வரவில்லை.

எட்டாமவர் வந்திருக்கிறார்.
மதுரை, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்.
அவள் குடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்து
செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாராம்.
"நல்ல மனுசன். அவரையும் சேக்கணுமா?"
சேக்கணும்மா.
"சரி."

ஒன்பது.
ஐந்தே ஐந்து சென்ட். கடைசிப் பதிவு.
முத்திருளன், தகப்பனார் பெயர் சடையாண்டி.
விரல் நின்றது.
மேலே உருட்டிப் பார்த்தேன்:
வாதி வேலுத்தாய், கணவர் பெயர் சடையாண்டி (காலஞ்சென்ற).
சடையாண்டிகள் இந்த மலையில் நிறையப் பேர், என்றேன்
அவளைப் பார்க்காமல்.

"அவந்தேன்.
ஆளுகளக் கூட்டியாந்ததுக்கு
காசுக்குப் பதிலா அஞ்சு சென்ட்டு குடுத்தாக.
அன்னிக்கு ராத்திரி நாய் குரைக்கல தம்பி.
பொக்லைன் சத்தத்துக்கே குரைக்கல.
யாரோ பிடிச்சு வச்சிருந்திருக்காகன்னு
அப்பவே நெனச்சேன்."

வேண்டுமானால் வக்கீலைக் கேட்டுவிட்டு...
"பட்டா அவன் பேர்லதான இருக்கு?"
ஆமாம்.
"அப்ப அவனும் மேல இருக்கறவந்தேன். எழுதுங்க."

விலாசக் கட்டத்தில் குறுக்குச்சுட்டி துடித்தது.
கதவு எண் நான்கு பார் பதினேழு,
வாதிக்கு ஏற்கெனவே அடித்ததுதான்.
நகலெடுத்து ஒட்டினேன்.

ஆள் இல்லாத நேரத்தில் நோட்டீஸ் வந்தால்
வீட்டிலிருக்கும் பெரியவர் யாராவது வாங்கலாம் என்று
வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு
வழக்கம்போலவே கேட்டும் விட்டேன்:
வீட்டில் வேறு யார்?
"நான்தேன்."

ஏழு கவர், ஏழு ஒப்புகை அட்டை.
சுருக்குப்பையைப் பிரித்து எண்ணி வைத்தாள்,
நோட்டில் காப்பித் தோலின் புளித்த வாசம்.
"இந்த ஒண்ணு மட்டும் கிட்டக்கதான போகுது.
கொறைச்சுப் போடுவாகளா?"

இல்லம்மா.
சென்னைக்கும் அதே ரேட்தான்.

தலையாட்டினாள்.
இன்னொரு பத்து ரூபாயை
நீவி
மேஜையில் வைத்தாள்.