ஒன்பது புள்ளி இரண்டு

திசையன்விளையில் இறங்கும்போது மணி ஏழு.
தோள்பையில் பழக்கூழ் கம்பெனியின் அடையாள அட்டை,
பேனாக்கத்தி, டிஷ்யூ,
ஒரு சாண் நீளத்தில் குழாய்.
சாறு ஒரு சொட்டு விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
இனிப்பை எண்ணாகச் சொல்லும்.
பத்துக்குக் கீழே வாங்கக் கூடாது.

பட்டியலில் பதினொரு பேர்.
முத்துக்கனி, தங்கக்கனி, சுயம்புக்கனி.
பெயரிலேயே பழுத்திருந்தார்கள்.

முத்துக்கனி தோட்டம் பத்தரை.
தங்கக்கனி வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்க
அவர் வீட்டு நாய்தான்
மரம் மரமாக என்னைச் சுற்றிக் காட்டியது.

மூன்றாவது தோட்டத்தில்
தேரி மணல் செருப்பைக் கழற்றிக்கொண்டது.
தூரத்தில் காற்றாலைகள்
வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"ஆம்பளைய தேடுதியளா? நாந்தான் சுயம்புக்கனி."
சேலைக்கு மேலே பழைய சட்டை,
இடுப்பில் மோட்டார் ரூம் சாவி.

நான்கு மரம், நான்கு கொய்யா.
குழாய்க்குள் மேலே நீலம், கீழே வெள்ளை.
இரண்டும் சேரும் கோடு
ஒன்பது புள்ளி இரண்டில் நின்றது.
வாங்கிப் பார்த்தாள்.
"உவரிக் கடலைப் புடிச்சு உள்ள வச்சிருக்கானுவ."

பிறகு,
"உப்பு வந்தா இது கண்டுபிடிக்குமா?"

மோட்டாரைப் போட்டாள்.
தொட்டியில் விழுந்த தண்ணீரை விரலால் தொட்டு
ஒரு சொட்டு வைத்தாள்.
கோடு பூஜ்யத்தை விட்டுக் கொஞ்சம் ஏறியது.
இதற்கு உப்பும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று,
கரைந்தது எதுவானாலும் இனிப்புக் கணக்குதான்.
பயிற்சியில் சொன்னார்கள்,
சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

"மூணு வருசமா கிணறு கரிக்கி.
அப்பம் எங் கொய்யாவுல
அந்த ஒம்பதுக்குள்ள உப்பு எம்புட்டு?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
9.2 என்று எழுதினேன்.
பேனா நகர்வதையே பார்த்தபடி நின்றாள்.
"சரி, சந்தைக்குப் போட்டுக்கிடுதேன்.
இத நீங்க தின்னுங்க."
இரண்டு பழம் பைக்குள் விழுந்தன,
குழாயின் மேலேயே.

சாயந்திரம் உவரியில்
பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
வலை உலர்த்துகிறவர்கள் பார்க்காத நேரம்
கடலில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன்.
நாலு.
படிவத்தின் பின்பக்கம் அதையும் எழுதி
அடித்துவிட்டேன்.

மீதி எட்டுப் பேர் நாளைக்கு.
ஜன்னலோரம் ஒரு பையன்
வாசனை பிடித்து என் பையையே பார்த்து வந்தான்.
ஒன்றை நறுக்கிப் பாதி கொடுத்தேன்.
கடித்தான், மென்றான்,
கையை நீட்டினான்:
"உப்பு இருக்காக்கா?"