நிகர எடை

புதன், விடிகாலை ஐந்தே கால்.
டயர் கடை முன்னால்
நாலு பேர், மூணு தலைவிளக்கு.
கியோங்குடையது போன மழையில் செத்துப்போனது.
மூன்று வாரமாக
எங்கள் வெளிச்சத்தில் கடனுக்கு ஓடுகிறான்.
வட்டி போட்டு வாங்குவேன் என்கிறாள் கிருபாளினி,
நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள்.

பாகாவ் இன்னும் எழவில்லை.
ரொட்டி சானாய் கடையில் மட்டும்
மாவைக் கல்லில் அடிக்கும் சத்தம்.
டவுனை ஓடி முடிக்க எட்டு நிமிடம்.
அப்புறம் செம்பனை.
அப்புறமும் செம்பனை.

மூணாம் டிவிசன் கேட்டில்
ஜாகா எங்களுக்காகக் கம்பை உயர்த்துவதில்லை;
குனிந்து நுழைவோம்.
ஆனால் தினமும் புத்தகத்தில் பதிவார்:
பெயர், மணி, வந்த காரணம்.
காரணத்தில் ஒரே சொல், லாரி.
மலாயில் ஓட்டம் என்று அர்த்தம்.
தப்பி ஓடுவதற்கும் அதே சொல்தான்,
நாங்கள் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை.

ஆந்தைப் பெட்டி மேட்டில்
பத்து முறை ஏறி இறங்கினோம்.
எலி பிடிக்க வைத்த ஆந்தை
பெட்டி வாசலில் உட்கார்ந்து
கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
ஏழாவது ஏற்றத்தில் ஹஸ்ருல் வாந்தி எடுத்தான்.
பொம்பாவில் வேலை,
எரியும் வீட்டுக்குள் போகிறவன்,
வாயைத் துடைத்துக்கொண்டு
"யாரிடமும் சொல்லாதே" என்றான்.
இதோ சொல்லிவிட்டேன்.

நான் மில்லில் எடைமேடை கிராணி.
லோரி ஏறும், மொத்த எடை.
பழம் இறக்கித் திரும்பும், வெறும் வண்டி.
கழித்தால் நிகரம்.
பதினாறு வருடமாகக் கழிக்கிறேன்.
கிளினிக்கில் டாக்டர் முகம் சுளித்த அன்று
யாரும் இல்லாத நேரம்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
அது இருபது இருபதாகத்தான் எண்ணும்.
எண்பது என்றது.
ஏழு மாதம் ஓடிவிட்டு
மறுபடி ஏறினேன்.
எண்பது.

வியாழன் இடி; ஓடவில்லை.
வெள்ளி இடி இல்லை; அன்றும் ஓடவில்லை.
சனிக்கிழமை பாசார் மாலாமில்
இரண்டு சீப்பு பீசாங் மாஸ் வாங்கி
வீட்டுக்குப் போகும் வழியிலேயே
ஒரு சீப்பை முடித்தேன்.

ஞாயிறு முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
செம்மண் பாதை, நேற்றைய தண்ணீர்,
சப்பாத்துக்கு அடியில் இன்னொரு சப்பாத்தாகச் சேறு.
இருபத்துமூன்றில் கியோங் நின்றான்.
முழங்காலுக்குள் யாரோ
நட்டு கழற்றுகிறார்கள் என்றான்.
அழுத்திப் பார்த்தாள் கிருபாளினி.
அவன் அம்மாவைக் கூப்பிட்டான், ஹக்காவில்.

எல்லோரும் நடந்தோம்.
யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை,
நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

எத்திராஜுலுவின் லோரி வந்தது.
முன்சீட்டில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.
கியோங்கைத் தூக்கிப் பழக்குலைமேல் வைத்தோம்.
முள் குத்தும் என்றார் எத்திராஜுலு.
குத்தட்டும் என்றான்.
கையசைத்தபடி போனான்,
தவ்கே மாதிரி.

திங்கள் காலை ரசீதைப் புரட்டினேன்.
நோராய்னி ஞாயிற்று ஷிப்டில் அடித்தது.
மேடை ஏறும்போது கியோங் குலைமேல் இருந்திருக்கிறான்;
வெறும் வண்டி திரும்பும்போது
கேன்டீனில் மைலோ குடித்துக்கொண்டிருந்தான்.
நிகர எடையில் எண்பது கிலோ கூடுதல்.
டன் எண்ணூறு வெள்ளி என்றால்
கியோங் அறுபத்துநாலு வெள்ளி.

கழிக்கத்தான் வேண்டும்.
கழித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
லாரி என்று எழுதினேன்.

செவ்வாய், ஐந்தே கால்.
மூணு பேர், மூணு விளக்கு.
கணக்கு சரியாக இருந்தது.
யாருக்கும் பிடிக்கவில்லை.